ஒரு நாள் அனுமதி

எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரி மழைக்கு மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, உண்மையில் அது கடல்நீரேரி. கரவெட்டிக்குத் தெற்கே வல்லை வெளியோடு விரிந்து கிடக்கும் அந்த ஏரியை நன்னீராக்குவதற்கென்று 1950களில் அதன் வாயிலில் தடுப்பணை கட்டினார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்திலும் இந்த ஏரிக்கு இடமிருந்தது. திட்டம் முழுமை பெறவில்லை. ஆகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் என்றால் கிணறு, கோயிற் கேணி, மாரியில் நிரம்பி வெயிலில் வற்றிப்போகும் குளம், அவ்வளவுதான். மீன் என்றால் கடல் மீன்.

அந்தக் கடல் மீனும் எங்கள் வீட்டுக்குப் படலை வழியாகத்தான் வரும். கரையிலிருந்து கூடையோடு வரும் அம்மா படலையில் நின்று கூப்பிடுவா. பேரம் பேசி வாங்கிக் கழுவிக் குழம்பு வைப்பதுதான் எங்களுக்கும் மீனுக்கும் இருந்த உறவு. பிடிக்கிறது வேறு ஆக்களின் வேலை என்பது ஊரின் எண்ணம். வேலையை மட்டுமல்ல, அந்த வேலை செய்தவர்களையும் ஒரு படி கீழே வைத்துப் பார்த்த எண்ணம் அது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. என் கணவர் சிறுவயதில் வல்லைப் பாலத்தடியில் களவாகத் தூண்டில் போட்டு, தகப்பனிடம் பூவரசங் கம்பால் அடி வாங்கியவர். “தண்ணியில விழுந்திடுவான் எண்டு அடிக்கேல்லை. ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம் எண்டுதான் அடிச்சவர்” என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

1996 ஏப்ரலில் கிளாலிக் கரையில் படகேறி வன்னிக்குப் போனோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. முதலில் ஸ்கந்தபுரம், சில வருடங்களின் பின் வட்டக்கச்சி. அங்கேதான் குளத்து மீனை நான் முதன்முதலாகச் சட்டியில் போட்டேன். சேற்று மணம் எனக்குப் பிடிக்கவில்லை. உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவி, மஞ்சள் பூசி ஊறவைத்துப் பொரித்தால் மணம் போய்விடும் என்று பக்கத்துக் கொட்டிலில் இருந்த முல்லைத்தீவு அக்காதான் காட்டித் தந்தா. வன்னியில் இருந்த சகோதரிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கடலுக்குப் போகத் தடை, பாதை பூட்டு, சாமான் விலை ஏற்றம் என்றிருந்த காலத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் விராலிலும் கெளுத்தியிலும் திலாப்பியாவிலும் வளர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

திலாப்பியா எங்கள் நாட்டு மீன் அல்ல. ஆபிரிக்காவுக்குரியது. 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். வந்த இடத்தில் வேரூன்றிவிட்டது. அதன் தாய் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரித்து, குஞ்சுகளையும் சில நாள் வாய்க்குள்ளேயே காக்கும். அந்த நாட்களில் அது வயிறு நிறைய உண்பதும் இல்லை. ஒருநாள் மீன் வெட்டும்போது வாய் நிறையக் குஞ்சு கண்டு நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கறி பருப்புத்தான்.

என் கணவர் பின்னேரங்களில் வாய்க்கால் கரைக்குத் தூண்டிலோடு போவார். தடியென்று பெரிதாக ஒன்றும் இல்லை. காட்டுக் கம்பு, தங்கூசி, ரப்பர்ச் செருப்பில் வெட்டிய மிதப்பு. மகளும் கூடவே ஓடுவாள். சில நாள் மீனோடு வருவார், பல நாள் வெறுங்கையோடு வருவார். வெறுங்கையோடு வந்த நாளிலும் முகம் தெளிந்திருக்கும். அது எனக்கு அப்போது எரிச்சலைத் தந்தது என்று சொன்னால் என்னைக் குறை நினைக்க மாட்டீர்கள். தண்ணீர் எடுக்க, விறகு எடுக்க, நிவாரண வரிசையில் நிற்க, பங்கரில் நுளம்புக்குப் புகை போட என்று எனக்கு ஓட்டமே ஓட்டம். ஒரு மணித்தியாலம் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பாக்கியம் ஆம்பிளைகளுக்குத்தான். அந்தத் தடியை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

2009 தொடக்கத்தில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. மே மாதம் வட்டுவாகலைக் கடக்கும்போது சன நெருக்கடியில் அவர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தபோது இல்லை. செட்டிக்குளம் முகாமில் ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டு 2010இல் மகளோடு கரவெட்டிக்குத் திரும்பினேன்.

அதன் பின் செய்த வேலை காத்திருத்தல். நாய் குரைத்தால் படலையைப் பார்ப்பது. தெரியாத இலக்கத்தில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடப்பது. கைம்பெண்ணா, சுமங்கலியா என்று எனக்கே தெரியாத நிலையில் கலியாண வீட்டுக்குப் போவதா, போனால் எங்கே நிற்பது என்று யோசிப்பது. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத எம்மைப் போன்றவர்கள் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ பெறலாம் என்று வந்தது. கடதாசிக்குப் பெயர் கிடைத்தது, காத்திருப்புக்கு முடிவு கிடைக்கவில்லை. இவையெல்லாம் எம்மில் பலருக்குப் பழகிப்போனவை.

2019இல் தங்கச்சியின் மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணம். தங்கச்சி 1991இல் போனவள். விசா கிடைத்தது ஆச்சரியம். வைகாசி முடிவில் போய் புரட்டாதி வரை ஸ்காபரோவில் அவள் வீட்டில் இருந்தேன். கலியாணம் முடிந்த கையோடு ஆளாளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் தொலைக்காட்சியோடு தனியே. தங்கச்சியின் கணவர் பக்டரியில் இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியமுன் காரில் தூண்டில் தடியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். ஊரில் இருந்திருந்தால் மீன் கூடைக்குக் கிட்டவும் போயிருக்க மாட்டார். இங்கே விலை கூடிய தடி நாலு வைத்திருக்கிறார். கடல் தாண்டினால் ஊரின் கௌரவங்கள் சில தாமாகவே தண்ணீரில் கரைந்து போகின்றன. நல்லதுதான், ஆனால் கரைத்தவர்கள் ஊருக்குக் கடிதம் போட்டு இதையும் சொல்லியிருக்கலாம்.

ரொறன்ரோ பெரிய நகரம். ஆனால் அதன் கால் நல்ல தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. முன்னால் ஒன்ராறியோ ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர். எங்கள் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கரை தெரியாது, அலையடிக்கும், ஆனால் வாயில் வைத்தால் உப்பில்லை. நான் குனிந்து கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். தங்கச்சியின் மகன், “பெரியம்மா, குடியாதேங்கோ!” என்று சத்தம் போட்டான். அந்த ஏரிக்குள் ஹம்பர், டொன், ரூச் என்ற ஆறுகள் நகரத்தின் நடுவாலும் ஓரத்தாலும் வந்து விழுகின்றன. பஸ்ஸில் ஏறிப்போய்த் தூண்டில் போட்டுவிட்டு வரலாம். கரைகளில் சீனத்து ஐயாமார், ஜமேக்காக்காரர், பிலிப்பீன்ஸ்காரர், எங்களவர் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். ஆளுக்கு ஒரு மடக்குக் கதிரை, ஒரு வாளி.

தங்கச்சி வீட்டுக்குக் கிட்ட இருப்பது ஸ்காபரோ பிளஃப்ஸ். ஏரிக்கரையோரம் சுமார் 15 கிலோமீற்றருக்கு வெள்ளை மண்மேடு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. துணை ஆளுநராக வந்தவரின் மனைவி எலிசபெத் சிம்கோ 1793இல் அதைப் பார்த்து, தன் நாட்டு ஸ்காபரோவின் நினைவு வந்து அந்தப் பெயரை வைத்தாவாம். இன்று எங்கள் சனம் இவ்வளவு பேர் குடியிருக்கிற இடத்துக்கு ஒரு பெண்ணின் ஊர் ஏக்கம் பெயராகியிருக்கிறது. அந்த மேட்டின் அடியில் பிளஃபர்ஸ் பார்க் என்று பூங்கா. படகுத்துறையும் ஒதுக்கமான நீர்ப்பரப்பும் உண்டு. தம்பி, அதாவது தங்கச்சியின் கணவர், தூண்டில் போடுவது அங்கேதான்.

ஒரு சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது, “அக்கா, நாளைக்கு நீங்களும் வாறீங்களோ?” என்று கேட்டார். நான் பதில் சொல்லமுன் தங்கச்சி, “அவவுக்கு லைசென்ஸ் இல்லையே, சும்மா பாத்துக்கொண்டிருக்கிறதோ?” என்றாள். மீன் பிடிக்கவும் லைசென்ஸா என்று நான் சிரித்தேன். அங்கே அப்படித்தான். ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் 65 வயதைத் தாண்டிய கனடாக்காரருக்கும் தேவையில்லை. மற்றவர்கள் எடுக்க வேண்டும். வருடத்தில் சில நாட்கள் அனுமதியில்லாமலே பிடிக்கலாம், ஆனால் அது அந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நாள் அனுமதி என்று தனியாக இருக்கிறது. மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் என் கடவுச்சீட்டைக் காட்டிக் காசு கட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் கடதாசி கையில்.

அந்தக் கடதாசியை நான் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சகோதரிகளே, நாங்கள் எத்தனை பாஸ் எடுத்தவர்கள்! வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாஸ். கடற்றொழிலாளிக்குக் கரையில் பதிவு, போன நேரம், வந்த நேரம். முகாமுக்குள் சொந்தக்காரரைப் பார்க்கத் துண்டு. ஒவ்வொன்றிலும் ‘ஏன் போகிறாய், எப்ப வருவாய், ஆர் பொறுப்பு’ என்ற கேள்வி இருந்தது. இந்தக் கடதாசியில் என் பெயர், திகதி, அவ்வளவுதான். ஏன் தண்ணீர்க்கரையில் இருக்கப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. 53 வயதில் முதன்முதலாக, சும்மா இருப்பதற்கு எனக்கு ஒரு அனுமதி கிடைத்தது.

அடுத்த நாள் ஆடி மாத ஞாயிறு. ஐந்து மணிக்கே வெளிச்சம். தங்கச்சியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். பிளாஸ்கில் தேத்தண்ணி, இடியப்பம், சம்பல். தம்பி எனக்கு ஒரு சின்னத் தடியைத் தந்து, மண்புழுவைக் கொளுவிக் காட்டினார். ஒருவருக்கு ஒரு தூண்டில்தான் போடலாமாம். இன்ன மீன் ஒரு நாளைக்கு இத்தனைதான் வைத்திருக்கலாம், இன்ன மீனை இன்ன மாதம் தொடக்கூடாது என்று புத்தகமே இருக்கிறது. பாஸ் என்று ஒரு மீன். இளவேனிலில் ஆண் மீன் கற்களுக்கிடையில் கூடு துப்புரவாக்கி, முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அந்தக் காலத்தில் அதைப் பிடித்தால் கூடு அநாதை, மற்ற மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். ஆகவே கோடை தொடங்கும்வரை அதைப் பிடிக்கத் தடை. எங்கள் விராலும் குஞ்சுக் கூட்டத்தின் கீழே நின்று காக்கும் மீன்தான். சிவப்பாய்க் குஞ்சு மிதக்கிற இடத்தைப் பார்த்துத் தாயைக் குத்துகிறவர்களை வன்னியில் கண்டிருக்கிறேன். பசிக்கு மாதமும் சட்டமும் தெரியாது. அமைதியான நாட்டில்தான் மீனுக்கும் பிள்ளைப்பேற்று விடுமுறை கிடைக்கும்.

தூண்டிலைப் போட்டுவிட்டு இருந்தோம். சிவப்பும் வெள்ளையுமாக மிதப்பு ஒன்று தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் அரை மணித்தியாலம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை எதையோ தேடியது. தேத்தண்ணி ஊற்றட்டோ, சாப்பாடு எடுத்து வைக்கட்டோ என்று இரண்டு தரம் எழும்பினேன். தங்கச்சி கையைப் பிடித்து இருத்தினாள். “அக்கா, ஒண்டும் செய்யாதேங்கோ. ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் இஞ்ச வேலை” என்றாள்.

முதலில் சிக்கியது சன்ஃபிஷ் என்ற உள்ளங்கை அளவு மீன். தட்டையாக, வயிறு செம்மஞ்சள், கன்னத்தில் நீலக் கோடு. தடி நுனி துடித்தபோது என் கையும் சேர்ந்து துடித்தது. இழுக்கச் சொன்னார்கள், இழுத்தேன். தம்பி ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றித் திரும்பவும் தண்ணீரில் விட்டார். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் உடம்பில் உள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பிடிக்குமாம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். வயிற்றுக்காகப் பிடித்தால் அது சீவியம். விளையாட்டுக்காக வாயில் முள்ளைக் குத்திவிட்டுப் ‘போ’ என்று விடுவது என்ன நீதி? தம்பியிடம் கேட்டேன். “எல்லாரும் கொண்டுபோனால் ஏரியில மீன் மிஞ்சாது அக்கா” என்றார். அதுவும் நியாயம். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. அதற்குப் பிறகு பிடித்தவற்றில், வைத்திருக்கலாம் என்று சட்டம் சொன்ன பேர்ச் மீன்கள் நாலை வாளியில் போடச் சொன்னேன். அவற்றை அன்றைக்கே பொரித்தோம். சேற்று மணம் துளியும் இல்லை.

இங்கே தாய்மாருக்கு ஒரு செய்தி. ஒன்ராறியோ அரசு எந்த ஏரியில் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. பழைய தொழிற்சாலைக் கழிவுகளால் பாதரசம் போன்றவை மீனின் உடம்பில் சேர்ந்திருப்பதே காரணம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதில் தனி நிரல், அவர்கள் குறைவாகவே உண்ண வேண்டும். சின்ன மீனைவிட வயது போன பெரிய மீனில்தான் நஞ்சு கூடுதலாகச் சேரும். கனடாவில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் பெரிய மீன் பிடித்தோம் என்று படம் அனுப்பினால், அந்த வழிகாட்டியைப் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பத்து மணியளவில் மீன் கடிப்பது குறைந்தது. தம்பி காரில் ஏதோ எடுக்கப் போவது போல எழும்பிப் போனார். நானும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு பேரும் மிதப்பைப் பார்த்தபடி இருந்தோம். பத்து வருடமாக அவள் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. தொலைபேசியில் காசு வந்ததோ, மருந்து எடுத்தீங்களோ என்று கேட்பாள். முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்கும் தைரியமில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, அத்தான் கடைசியாய் என்ன சொன்னவர்?”

நானும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “தண்ணிப் போத்தலை நீ வைச்சிரு, பிள்ளைக்கு வேணும், நான் பின்னால வாறன் எண்டவர்.”

அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு நான் மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னேன். நந்திக்கடல் ஓரம், பாலம், திரும்பிப் பார்த்த இடம், போத்தலில் இருந்த அரைவாசித் தண்ணீரை மகள் மூன்று நாள் குடிக்காமல் வைத்திருந்தது. இடையில் மிதப்பு இரண்டு தரம் தாழ்ந்து எழும்பியது. இரண்டு பேரும் கண்டோம். ஒருவரும் தடியைத் தொடவில்லை. புழுவைத் தின்றுவிட்டு மீன் போயிருக்கும்.

தண்ணீர்க்கரையில் இருப்பது என்றால் எனக்கு அதுவரை ஒரே அர்த்தந்தான். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது: தூண்டில் போடுவதும் காத்திருப்புத்தான், ஆனால் அது நாங்கள் பழகிய காத்திருப்பு அல்ல. அதை நான் தொடங்கினேன். வெயில் ஏற, தங்கூசியைச் சுற்றி, தடியை மடக்கி, நானே முடித்து வைத்தேன். மீன் வந்ததா வராததா என்பது அதற்குத் தடையில்லை. படலையைப் பார்க்கிற காத்திருப்புக்கு மடக்கி வைக்கிற வழி இல்லை. பகல் முழுவதும் அந்தக் காத்திருப்போடு இருக்கிற ஒருத்திக்கு, மடக்கி வைக்கக்கூடிய இன்னொரு காத்திருப்பு சில மணித்தியாலம் கிடைத்தது பெரிய ஆறுதல். வட்டக்கச்சி வாய்க்கால் கரையிலிருந்து வெறுங்கையோடு வந்த மனுசனின் முகம் ஏன் தெளிந்திருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இது என் ஒருத்தியின் கற்பனை அல்ல என்று பிறகு அறிந்தேன். அமெரிக்காவில் 1996இல் ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணரும் தூண்டில் கலையில் தேர்ந்த ஒரு பெண்ணும் சேர்ந்து ‘காஸ்டிங் ஃபோர் ரிக்கவரி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மார்புப் புற்றுநோய் வந்த பெண்களைக் கட்டணமின்றி ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்த் தூண்டில் வீசக் கற்பிக்கிறார்கள். கையை மெதுவாக வீசுவது சத்திரசிகிச்சைக்குப் பின் இறுகிய தோளுக்கு நல்லது, சேர்ந்திருந்து கதைப்பது மனதுக்கு நல்லது. 2005இல் வாஷிங்டனில் இராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த காயப்பட்ட படையினருக்காக ‘புரொஜெக்ட் ஹீலிங் வோட்டர்ஸ்’ என்று இன்னொன்று தொடங்கியது. சண்டை செய்து வந்தவர்களுக்குத் தண்ணீர்க்கரை மருந்தாகும் என்று யோசித்திருக்கிறார்கள். சண்டைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கும் அது மருந்தாகும் என்று யோசிக்க இன்னும் ஆள் வேண்டும். எங்களுக்கு வந்த திட்டங்களில் கோழி இருந்தது, தையல் மெசின் இருந்தது. தேவையானவைதான். எல்லாமே உழைப்பு.

புரட்டாதியில் திரும்பிவர முன் ஹம்பர் ஆற்றில் ஓல்ட் மில் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஏரியிலிருந்து சமன் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறுகிற காலம். ஒரு கை நீள மீன் தடுப்புக்கு மேலால் துள்ளுகிறது, விழுகிறது, திரும்பத் துள்ளுகிறது. ஏரியின் சொந்தச் சமன் இனம் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோனதாம். மில்லுக்காக ஆற்றை மறித்ததும் காட்டை வெட்டியதும் அளவின்றிப் பிடித்ததும் காரணம். இப்போது துள்ளுகிறவை பசிபிக் கரை இனம், 1960களின் பிற்பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழி. முட்டையிட்டபின் அவை செத்துவிடும். பார்க்க நின்ற சனம் ஒவ்வொரு துள்ளலுக்கும் கைதட்டியது. நான் கைதட்டவில்லை.

ஊருக்கு வரும்போது தங்கச்சியின் மகள் மடக்குத் தடி இரண்டைச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டாள். கரவெட்டியில் அதைப் பார்த்த ஒரு மாமி, “புருசனைக் காணேல்லை, இவவுக்கு மீன்பிடி விளையாட்டு” என்றா. என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னா. மகள் சண்டைக்குப் போக வெளிக்கிட்டாள், நான்தான் மறித்தேன். மாமியின் மூத்த பெடியனும் 1990களில் போய்த் திரும்பாதவன். அவவுக்கும் ஒரு கதிரை போடலாம் என்று அப்போதே நினைத்தேன்.

பிறகு கொரோனா வந்தது, 2022இல் எரிபொருள் வரிசை வந்தது. 2024 தைப்பொங்கலுக்குப் பிறகுதான் எங்கள் மாதர் குழுவில் எட்டுப் பேர் வான் பிடித்து இரணைமடுவுக்குப் போனோம். கொடிகாமம், ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி. கனகராயன் ஆற்றை மறித்து நூறு வருடத்துக்கு முன் கட்டிய குளம் அந்த மாரியில் நிரம்பிக் கிடந்தது. குளத்து மீன் அங்குள்ள மீனவர் சங்கத்தாரின் பிழைப்பு. ஆகவே முதலில் அவர்களிடம் போய்க் கேட்டோம். ஒருவர் சிரித்துவிட்டு, தாங்கள் வலை விடாத ஒரு ஓரத்தைக் காட்டினார். காலை நனைக்க வேண்டாம், முதலை உண்டு என்றார். நாங்களும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவில்லை, வன்னியில் சில இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நீங்கள் போனாலும் இந்த மூன்றையும் கவனியுங்கள்.

எட்டுப் பேருக்கு இரண்டு தடி. முறை வைத்துப் பிடித்தோம். ஒருத்தி வானை விட்டு இறங்கவில்லை. குளத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாள். அவளை ஒருவரும் வற்புறுத்தவில்லை, சாப்பாட்டை வானுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மாமி வந்தா. தடியைத் தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தா. மத்தியானத்துக்குப் பிறகு புழு கொளுவுகிற வேலையை மட்டும் தன் கையில் எடுத்துக்கொண்டா. அன்றைக்கு மொத்தம் மூன்று திலாப்பியா, அதில் ஒன்று மிகச் சின்னன். சின்னனை என்ன செய்வது என்று விவாதம் வந்தது. விடுவோம் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். விட்டோம்.

இந்த வருடம் மாரி முடியத் திரும்பவும் போகிறோம். வான்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. மகள் தன் பெடியனையும் கூட்டிப்போகச் சொல்லுகிறாள், அவனுக்கு எட்டு வயது, நீந்தத் தெரியாது. அணைக்கட்டில் கையை விடாமல் வைத்திருக்க ஒருவர் தனியாக வேண்டும். போனமுறை இறங்காதவள் தனக்கும் இடம் போடச் சொல்லியிருக்கிறாள், வானுக்குள்ளேயே இருப்பேன் என்ற நிபந்தனையோடு. தங்கூசி ஒரு கட்டை வாங்க வேண்டும். குடை நாலாவது கொண்டுபோக வேண்டும், அந்த ஓரத்தில் நிழலே இல்லை.